கோல்ஃப் கையுறையை எந்தக் கையில் அணிவது?

வலக்கை ஆட்டக்காரர் கோல்ஃப் கையுறையை இடக்கையில் அணிய வேண்டும். இடக்கை ஆட்டக்காரர் வலக்கையில் அணிய வேண்டும். விடை இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். ஆனால் விடுமுறைக்கும் வீட்டுத் திருமணங்களுக்கும் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் காரைக்குடிக்கு வரும் உறவினர்கள் முகப்பில் சாய்த்து வைக்கும் மட்டைப் பையைச் சூழ்ந்துகொள்ளும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளில், கையுறையை முதல் முறையிலேயே சரியான கையில் மாட்டியவர் என்று ஒருவரையும் நான் பார்த்ததில்லை. சோறு உண்ணும் கையும் எழுதும் கையும்தான் வேலை செய்யும் கை, ஆகவே பாதுகாப்பு அதற்கே வேண்டும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. இருப்பினும் கோல்ஃப் மட்டையைப் பிடிக்கும்போது இரு கைகளுக்கும் இடையிலான வேலைப் பங்கீடு வேறு விதமாக அமைகிறது என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில், எழுதும் கையையும் உண்ணும் கையையும் மறந்துவிடுங்கள். மட்டையின் தலையைத் தரையில் வைத்து, பிடியை இரு கைகளாலும் பற்றி, பந்தை அடிக்கப்போவதுபோல் நில்லுங்கள். பிடியின் மேல்நுனிக்கு அருகில், உங்கள் வயிற்றுப் பக்கமாக இருக்கும் கை எதுவோ அந்தக் கைக்கே கையுறை. வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கை மேலேயும் வலக்கை அதற்குக் கீழேயும் இருக்கும். பந்து போகவேண்டிய திசையை நோக்கி இடத்தோள் இருக்கும். இடக்கை ஆட்டக்காரருக்கு இவை அனைத்தும் மாறி அமையும். கிரிக்கெட் ஆடிப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும், ஏனெனில் அங்கும் மேல் கை, கீழ் கை என்ற அதே அமைப்புத்தான். சச்சின் டெண்டுல்கர் இடக்கையால் எழுதுபவர், ஆனால் வலக்கை மட்டையாளர். சௌரவ் கங்குலி அன்றாட வேலைகளில் வலக்கைப் பழக்கம் உடையவர், ஆனால் இடக்கை மட்டையாளர். எழுதும் கையை வைத்து மட்டை பிடிக்கும் முறையை ஊகிக்க இயலாது என்பதற்கு இந்த இருவருமே போதும்.

கோல்ஃபிலும் அத்தகையவர்கள் இருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டு தமது 50ஆம் வயதில் பிஜிஏ சாம்பியன்ஷிப் போட்டியை வென்ற பில் மிக்கெல்சன், மற்ற எல்லா வேலைகளையும் வலக்கையால் செய்பவர். சிறுவயதில் தந்தை ஆடுவதை எதிரே நின்று பார்த்து, கண்ணாடியில் தெரியும் உருவத்தைப்போல் அப்படியே திருப்பிச் செய்ததால் அவர் இடக்கை ஆட்டக்காரர் ஆனார். அவருடைய கையுறை வலக்கையில் இருக்கும். எங்கள் பகுதியில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானதே நடக்கிறது. வீட்டுக்கு வரும் பை வலக்கை ஆட்டக்காரரின் பையாக இருக்கும். மட்டையின் அடிக்கும் முகம் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதால் அதைத் திருப்பிப் பிடித்து ஆட முடியாது. ஆகவே இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையும் வலக்கை ஆட்டத்தையே கற்றுக்கொள்கிறது. அந்தப் பிள்ளைக்கும் கையுறை இடக்கையில்தான். மட்டை எந்தக் கைக்கானதோ அதைப் பொறுத்தே கையுறையும் அமைகிறது.

இனி, மேல் கைக்கு மட்டும் ஏன் என்பதைப் பார்ப்போம். வலக்கை ஆட்டக்காரரின் இடக்கையில் மட்டையின் பிடி, சுட்டுவிரலின் அடியிலிருந்து உள்ளங்கையின் குறுக்கே சாய்வாக இறங்கி, மணிக்கட்டுக்கு மேலுள்ள சதைத் திரட்சியின் கீழ் வந்து முடிகிறது. நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் ஆகிய மூன்றும்தான் அதை இறுக்கிப் பற்றுகின்றன. வலக்கையோ பெரும்பாலும் விரல்களாலேயே பிடிக்கிறது. அதன் உள்ளங்கை இடக்கைக் கட்டைவிரலின் மேல் ஒரு மூடியைப்போல் படிந்துவிடுவதால், அந்த இடத்தில் தோலும் பிடியும் நேராக உரசுவதில்லை. ஆறு முறை பிரிட்டிஷ் ஓப்பன் வென்ற ஹாரி வார்டனின் பெயரால் வழங்கும் பிடிமுறையில் வலக்கைச் சுண்டு விரலும் மட்டையைத் தொடுவதில்லை. இடக்கையின் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் அது அமர்ந்துகொள்கிறது. ஆக, பிடியோடு அதிகம் ஒட்டியிருப்பதும் அதிகம் உராய்வதும் மேல் கைதான்.

இதனோடு விசையும் சேர்கிறது. டிரைவர் எனப்படும் நீண்ட மட்டையைச் சாதாரண ஆட்டக்காரர் ஒருவர் வீசும்போதே அதன் தலை மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடுகிறது. அந்த வேகத்தில் மட்டை கையை விட்டு வெளியே பறந்துவிடவே முயலும். அதைத் தடுத்து நிறுத்துவது மேல் கையின் கடைசி மூன்று விரல்கள். வியர்வையால் பிடி சிறிது நழுவினாலும் அந்த விரல்கள் தாமாகவே இன்னும் இறுக்கும், இறுக்கம் முன்கைக்கும் தோளுக்கும் ஏறும், வீச்சு தடைப்படும். கொப்புளத்தைத் தடுப்பதற்காகவே கையுறை என்று பலர் நினைக்கிறார்கள். மண்வெட்டி பிடித்துக் கை காய்ந்தவர்களுக்குக் கொப்புளம் ஒரு பொருட்டாக இராது. ஆனால் மட்டையை மென்மையாகப் பிடித்தும் நழுவவிடாமல் இருப்பதற்கு அவர்களுக்கும் கையுறை தேவைப்படும். அதன் தலையாய பயன் இதுவே என்பது என் கருத்து.

கடையிலும் இணையத்திலும் வாங்கும்போதுதான் குழப்பம் மிகுதி. உறையின் மேல் ‘லெஃப்ட் ஹேண்ட்’ என்றோ ‘எல்.எச்.’ என்றோ அச்சிட்டிருந்தால், அது இடக்கையில் அணியும் கையுறை, அதாவது வலக்கை ஆட்டக்காரருக்கு உரியது என்பதே வழக்கமான பொருள். என் தம்பி மகன் தான் வலக்கை ஆட்டக்காரன் என்பதால் ‘ரைட் ஹேண்ட்’ என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்து வரவழைத்தான். உறையைப் பிரித்துவிட்டதால் அதை மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். சில விற்பனையாளர்கள் அணியும் கையைக் குறிக்காமல் ஆட்டக்காரரின் கையைக் குறிப்பதும் உண்டு என்பதால், எழுத்தை மட்டும் நம்பாமல் படத்தையும் பாருங்கள். வெல்க்ரோ பட்டை உள்ள பக்கம் புறங்கை. அந்தப் பக்கம் மேலே தெரியும்படியும் விரல்கள் உங்களுக்கு எதிர்ப்புறமாக நீண்டிருக்கும்படியும் வைத்துப் பார்த்தால், கட்டைவிரல் வலப்புறம் நீட்டியிருக்கும் கையுறை இடக்கைக்கு உரியது.

அளவு பார்ப்பதற்கு, கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களின் கணுக்களைச் சுற்றி ஒரு தையல் நாடாவால் அளந்துகொள்ளுங்கள். நடுவிரலின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். இந்த இரண்டு அளவுகளையும் நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். உள்ளங்கை அகலமாகவும் விரல்கள் குட்டையாகவும் உள்ளவர்களுக்கென ‘கேடட்’ என்ற தனி வரிசை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரியாமல் பெரிய அளவை வாங்கி, விரல் நுனியில் வெற்றுத் தோல் தொங்க ஆடுகிறார்கள். சரியான கையுறை, புதிதாக இருக்கும்போது சற்று இறுக்கமாகவே இருக்கும். கையை விரித்தால் உள்ளங்கையில் சுருக்கம் விழக்கூடாது. விரல் நுனிகளில் இடைவெளி இருக்கக்கூடாது. வெல்க்ரோ பட்டை அதன் இடத்தில் முக்கால் பங்குவரை மட்டுமே எட்ட வேண்டும். தோல் நாளடைவில் நெகிழும்போது மேலும் இழுத்து ஒட்டுவதற்கு மீதமுள்ள கால் பங்கு பயன்படும்.

மோதிரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல் பதித்த மோதிரத்தை விரலில் வைத்துக்கொண்டே கையுறையை மாட்டினால், கல்லின் கூர்முனை தோலைக் கிழிப்பதோடு, மட்டையை இறுக்கும்போது பக்கத்து விரலையும் புண்ணாக்கும். ஆடப் புறப்படும் முன் அதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது; மைதானத்தில் கழற்றிப் பையில் போட்டுத் தொலைத்தவர்கள் உண்டு.

அணியும்போது, பட்டையை முழுவதும் பிரித்துவிட்டு, நான்கு விரல்களையும் ஒன்றாக உள்ளே செலுத்துங்கள். பிறகு மற்றக் கையின் விரல்களை இவற்றின் இடையே கோத்து, ஒவ்வொரு கவட்டிலும் தோல் நன்கு படியும்வரை மெல்ல அழுத்துங்கள். கட்டைவிரலைக் கடைசியில் நுழைத்து, கையைச் சிறிது மடக்கியபின் பட்டையை ஒட்டுங்கள். மணிக்கட்டுப் பகுதியைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பவர்களின் கையுறை முதலில் தையலில்தான் விடும். கழற்றும்போதும் ஒவ்வொரு விரல் நுனியையும் சிறிது தளர்த்திவிட்டு உருவ வேண்டும். உட்புறம் வெளியே வரும்படி உரிக்கக்கூடாது.

எங்கள் ஊர் வெயிலுக்கு இதில் தனி இடம் உண்டு. உயர்ந்த விலைக் கையுறைகள் பெரும்பாலும் கேப்ரெட்டா தோலால் ஆனவை. கம்பளி இல்லாமல் மயிர் மட்டுமே வளரும் செம்மறியாட்டு வகையின் தோல் அது. நம் செம்மண் தரிசுகளில் மேயும் ராமநாதபுரம் வெள்ளை ஆடுகளும் மயிராட்டு வகையைச் சேர்ந்தவையே. மெல்லியதும் மிருதுவானதுமான அந்தத் தோல் வியர்வையின் உப்பை உறிஞ்சியபின் வெயிலில் காய்ந்தால் விறைத்து, மடிப்புகளில் வெடித்துவிடும். கண்மாய் வற்றிக் கிடக்கும் கோடையில், அதன் தரையில் வலை கட்டிப் பயிற்சி செய்துவிட்டு வரும் பிள்ளைகள், ஈரமான கையுறையை மொட்டை மாடியில் வற்றலுக்குப் பக்கத்தில் காயப்போட்டுவிடுகிறார்கள். மாலையில் அதுவும் வற்றலைப்போலவே ஆகிவிடுகிறது. வளவின் தாழ்வாரத்தில், நிழலும் காற்றும் உள்ள இடத்தில், ஆத்தங்குடிக் கல்லின் மேல் ஒரு துணியை விரித்து, கையுறையைக் கையின் வடிவத்திலேயே தட்டையாக வைத்தால் போதும். ஈரம் முழுவதும் போனபின் அது வந்த உறையிலேயே வைத்து மூடுங்கள். கசக்கிப் பையின் மூலையில் திணிப்பதைவிடக் கொடுமை ஒரு தோல் கையுறைக்கு வேறில்லை.

சித்திரை, வைகாசியில் ஒரே கையுறையோடு ஆடி முடிக்க முயலவேண்டாம். இரண்டை வைத்துக்கொண்டு சில குழிகளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டால் இரண்டுமே நீண்ட நாள் உழைக்கும். ஒரு பருத்தித் துண்டும் இடுப்பில் இருக்கட்டும். பயிற்சிக்கு மட்டும் என்றால் செயற்கைத் தோல் கையுறை விலை குறைவு, வியர்வையையும் நன்கு தாங்கும். கைக்குக் கிடைக்கும் உணர்வு சற்றுக் குறைவாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்கின்போது பெரும்பாலோர் கையுறையைக் கழற்றிவிடுகிறார்கள். அங்கே விசை தேவையில்லை. விரல்களின் நுண்ணுணர்வே வேண்டும். ஆனால் ஜாக் நிக்லாஸ் கையுறையோடுதான் பட்டிங் செய்தார் என்பதால், இதை விதியாகக் கொள்ள வேண்டியதில்லை. கையுறையே இல்லாமல் ஆடிய ஃபிரெட் கபிள்ஸ் 1992இல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றிருக்கிறார். இரு கைகளிலும் அணிந்து ஆடும் டாமி கெய்னியும் இருக்கிறார். இவை எல்லாவற்றையும் ஆட்ட விதிகள் அனுமதிக்கின்றன. தொடக்க நிலையில் இருப்பவர்கள் மேல் கையில் ஒன்றோடு தொடங்கி, தம் கைக்கு எது ஒத்துவருகிறது என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம்.

இரு கைகளிலும் அணிவது தேவையாகவே ஆகிவிடும் சூழ்நிலை ஒன்று உண்டு. நம் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்குச் சென்று, 1895இல் தொடங்கப்பட்ட அங்குள்ள கோல்ஃப் கிளப்பில் ஆடுபவர்கள் மழையிலும் பனிமூட்டத்திலும் சிக்க நேரிடும். நனைந்த தோல் வழுக்கும். அதற்கென்றே நெய்த துணியால் செய்த மழைக் கையுறைகள் இணையாக விற்கப்படுகின்றன. ஈரம் ஏற ஏற அவை பிடியை இன்னும் நன்றாகப் பற்றும். ஆகவே நனைந்த துண்டில் துடைப்பதற்குப் பதிலாக, மழை தொடங்கியதுமே இரு கைகளிலும் அவற்றை மாட்டிக்கொள்ளலாம்.

பழைய கையுறையை எறிவதற்கு முன் ஒருமுறை விரித்துப் பாருங்கள். உள்ளங்கையின் அடிச்சதைப் பகுதியில் மட்டும் ஓட்டை விழுந்திருந்தால், நீங்கள் மட்டையை விரல்களில் வைக்காமல் உள்ளங்கையில் வைத்துப் பிடிக்கிறீர்கள், அல்லது வீச்சின் உச்சியில் பிடி தளர்ந்து நழுவுகிறது என்று பொருள். கட்டைவிரல் தேய்ந்திருந்தால் அதைப் பிடியின் மேல் அளவுக்கு மீறி அழுத்துகிறீர்கள். தேய்மானம் கடைசி மூன்று விரல்களின் அடியிலும் உள்ளங்கையிலும் மெல்லியதாகவும் பரவலாகவும் இருந்தால் பிடி சரியாக இருக்கிறது. அடுத்த கையுறையையும் அதே அளவில் வாங்கலாம்.