பாரிஸ் விமான நிலையத்தில் இறங்கியதும்: முதலில் முகவரியின் இலக்கத்தைப் பாருங்கள்

புதிதாக பிரான்சுக்கு வருகிற எங்கட ஆட்களிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் "லாச்சப்பலுக்கு" என்பார்கள்; பாரிஸ் நகரத்துக்குள் தமிழ்க் கடைகள் இருக்கும் பகுதி அது. தங்கப்போகிற வீடோ பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே லா கூர்நேவிலோ சார்செலிலோ இருக்கும். சார்ள் து கோல் விமான நிலையத்தில் இருந்து வீடு சேர எவ்வளவு காசு போகும் என்பது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. முகவரியை எடுத்து, தபால் இலக்கத்தின் முதல் இரண்டு எண்களைப் பாருங்கள்.

75 என்றால் பாரிஸ் நகரம். 2016 மார்ச் முதல் விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும் இடையே டாக்சிக்கு அரசு நிர்ணயித்த ஒரே கட்டணம் இருக்கிறது. 2025இல் சேன் நதியின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65. லாச்சப்பலைச் சுற்றியிருக்கும் 10ஆம், 18ஆம் வட்டாரங்கள் வலக்கரையில்தான். நடு இரவு, ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணித்தியால நெரிசல், எதுவானாலும் அதே காசு. பெட்டிகளுக்கென்று தனியாக ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை.

93, 95 என்றால் புறநகர்; அந்தக் கட்டணம் உங்களுக்கு இல்லை, மீற்றர்தான். இது தெரியாமல் லா கூர்நேவ் வாசலில் சாரதியோடு சண்டை பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏறியதும் மீற்றர் ஓடுகிறதா என்று பாருங்கள். வங்கி அட்டையை அவர் ஏற்றே ஆகவேண்டும், இறங்கும்போது ரசீதும் கேளுங்கள்.

என் அம்மா முதன்முறை வந்தபோது நான் இருபது நிமிடம் பிந்திவிட்டேன். அதற்குள் கோட் போட்ட ஒருவர் "டாக்சி, டாக்சி" என்று வந்து, அம்மாவின் தள்ளுவண்டிக் கைபிடியில் தன் கையையும் வைத்துவிட்டார். உதவிக்கு வந்த பிள்ளை என்று அம்மா நினைத்தா. வண்டி நின்றது வாகனத் தரிப்பிடத்தில்; கூரையில் டாக்சி விளக்கு இல்லை. வீட்டு வாசலில் கேட்டது 140 யூரோ. பெட்டிகள் அவருடைய டிக்கிக்குள் பூட்டியிருக்க, அம்மா என்ன செய்வா? கொடுத்தா.

இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. அதனால்தான் வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்: உண்மையான டாக்சிக்காரர் உள்ளே வந்து ஆள் பிடிக்க மாட்டார், வெளியே டாக்சி வரிசையில் நிற்பார். ஊபர் போன்ற வண்டிகளும் முன்பதிவு செய்தவர்களை மட்டுமே ஏற்றலாம். உங்களைத் தேடி வந்து கேட்கிறவர் யாராக இருந்தாலும், தமிழிலேயே கதைத்தாலும், பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

கனக்கப் பெட்டி இல்லையென்றால் ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயிலே போதும். விமான நிலைய ரிக்கற் 2025இல் 13 யூரோ. கூட்டிப்போக வருகிற உறவுக்காரரிடம் எல்லா வலயங்களுக்குமான மாத நவிகோ பயண அட்டை இருந்தால் அவருக்குத் தனி ரிக்கற் வேண்டாம். ஒரு விடயத்தில் மட்டும் கவனம்: சில ரயில்கள் பாரிசின் கார் து நோர் நிலையம் வரை எங்கும் நில்லாமல் போகும். ஓல்னே, த்ரான்சி, லா கூர்நேவ் போகிறவர்கள் ஏறுமுன் மேடையில் உள்ள பலகையைப் பார்த்து, உங்கள் நிலையத்தின் பெயர் இருக்கும் ரயிலில் ஏறுங்கள். சார்செலுக்கு கார் து நோரில் இறங்கி ஆர்இஆர் டி பாதைக்கு மாறவேண்டும். லாச்சப்பலுக்கு அங்கிருந்து நடையே போதும். ரிக்கற்றை எறிந்துவிடாதீர்கள், வெளியேறும் கதவுக்கும் அதுதான் வேண்டும்.

இரவு 11 மணிக்குப் பிறகு இறங்குகிறவர்கள் ரயிலை நம்பி இருக்கவேண்டாம். பாதை வேலை என்று பல நாட்கள் முன்கூட்டியே நிறுத்திவிடுவார்கள். அப்போது ரயிலுக்குப் பதிலாக விடும் பேருந்தோ, என்140, என்143 இரவுப் பேருந்துகளோதான் இருக்கும். குழந்தைகளோடு வருகிறவர்கள் அந்த நேரத்தில் டாக்சி வரிசைக்கே போங்கள்.