பின்சீட் திரை இருண்டதா? புகார் சொன்னவனையே பிடித்து உள்ளே வைக்காதீர்கள்

நண்பர் ஒருவர் பத்து வருடம் ஓடிய ஜெர்மன் சொகுசுக் கார் ஒன்றை வாங்கினார். முன்சீட்டுகளின் முதுகில் பிள்ளைகளுக்கென்று இரண்டு திரைகள். மூன்றாம் மாதம் இரண்டும் இருண்டன. கூடவே முன்னால் பாட்டும் நின்றது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். பின்சீட் கன்ட்ரோல் யூனிட்டுக்கு நேரே ‘மின்சாரம் சரி, ஒளி சரியில்லை’ என்று வந்தது. உடனே அந்த யூனிட்டை மாற்றினார்கள். பில் வந்தது, படம் வரவில்லை. கடைசியில் பார்த்தால், யாரோ ஸ்டெப்னியை எடுத்து வைத்த கையோடு டிக்கியின் பக்கவாட்டு மூடியை அழுத்திப் பொருத்தியிருக்கிறார்கள். அதன் அடியில் ஆரஞ்சு நிற ஒளியிழை ஒன்று நன்றாக மடிந்து கிடந்தது.

அந்த யூனிட் பொய் சொல்லவில்லை. தனக்கு வரவேண்டிய ஒளி வரவில்லை என்றுதான் சொன்னது. தான் கெட்டுப்போனதாகச் சொல்லவே இல்லை. திருட்டுப் புகார் கொடுக்க ஸ்டேஷனுக்கு வந்தவனையே லாக்கப்பில் தள்ளிய கதைதான். இந்த ஒரு குழப்பத்தால்தான் பின்சீட் திரை விஷயத்தில் நிறையப் பணம் வீணாகிறது. இது தீர வேண்டுமானால், இந்தச் சாதனங்கள் எப்படிக் கண் விழிக்கின்றன என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

காலை வருகைப் பதிவு

2001-இல் வந்த பிஎம்டபிள்யூ 7 சீரீஸில் தொடங்கி, அடுத்து வந்த ஆடி ஏ8, மெர்சிடிஸ் இ-கிளாஸ் என்று பல கார்களில் ஆடியோ, டிவி, போன் எல்லாவற்றையும் மோஸ்ட் என்ற ஒளி வளையத்தில் கோத்திருந்தார்கள். தலைமை யூனிட்டான ஹெட் யூனிட், ஆம்ப்ளிஃபையர், டிவி ட்யூனர், பின்சீட் யூனிட், திரும்பவும் ஹெட் யூனிட். உள்ளே ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் இழையில் 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி ஒரே திசையில் சுற்றும். ஒவ்வொரு யூனிட்டும் முந்தைய யூனிட்டிடமிருந்து ஒளியை வாங்கிப் படித்து, புதிதாக ஒளியாக்கி அடுத்ததற்குக் கொடுக்கும். பூமாலை மாதிரி. நூல் ஓரிடத்தில் அறுந்தால் மாலையே இல்லை.

கார் தூங்கும்போது வளையத்தில் ஒளியே இருக்காது. கதவைத் திறந்தாலோ சாவி போட்டாலோ ஏதோ ஒரு யூனிட் முதலில் விழிக்கும். ஆடி முறையில், அது ‘யாரோ எழுப்புகிறார்கள்’ என்று பொருள்படும் ஒருவித ஒளியை அனுப்பும். அது கைமாறிக் கைமாறித் தலைமை யூனிட்டுக்குப் போய்ச் சேரும். தலைமை யூனிட் பதிலுக்கு வேறு மாதிரி துடிக்கும் ஒளியைச் சுற்றி விடும். தான் விட்ட ஒளி மறுபக்கம் தன்னிடமே திரும்பி வந்தால்தான் வளையம் மூடியிருக்கிறது என்று அதற்குத் தெரியும். அதன் பிறகே உண்மையான தரவு ஓடத் தொடங்கும். ஓடும் வேகம் நொடிக்கு 44,100 சட்டகங்கள், அதாவது தரவுப் பொட்டலங்கள், ஒவ்வொன்றும் 64 பைட். சிடியில் ஒலியை நொடிக்கு அளந்து பதியும் எண்ணிக்கையும் அதே 44,100தான். பாட்டுக்காகப் பிறந்த வளையம் என்பது இந்த எண்ணிலேயே தெரிகிறது.

தரவு ஓடத் தொடங்கியதும் வருகைப் பதிவு. ‘யார் யார் வந்திருக்கிறீர்கள்?’ வந்தவர்களின் பட்டியலும், இந்தக் காரில் இருக்க வேண்டியவர்களின் பட்டியலும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ‘கோடு’ (code), அதாவது ஸ்கேனரில் தெரியும் பழுதுக் குறியீடு, பதிவாகும். இதெல்லாம் நடக்கும்போது திரை கறுப்பாகவும் ஸ்பீக்கர் ஊமையாகவும் இருக்கும். அது பழுது அல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது: பொறுமையின்மை. சாவியைப் போட்டு இரண்டு நொடியில் பின்சீட் திரை வரவில்லை என்றால் ஆஃப் செய்து மறுபடி ஆன், மறுபடி ஆஃப். ஒவ்வொரு முறையும் வருகைப் பதிவு பாதியில் நிற்கிறது. புதிய கார்களில் பின்சீட் இன்னும் கடைசி வரிசை. அமெரிக்கச் சட்டப்படி ரிவர்ஸ் கியர் போட்ட இரண்டு நொடிக்குள் பின்புறக் காட்சி முன்திரையில் வந்தாக வேண்டும். அதற்காக முன்பக்கத்தை முதலில் எழுப்புவார்கள். குழந்தைகளின் கார்ட்டூனுக்கு அந்த அவசரம் கிடையாது. சாவியைப் போட்டு ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால்தான் பழுதைப் பற்றிப் பேச வேண்டும்.

பேட்டரியைப் பார்க்காமல் கோடைப் பார்ப்பது

நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி, கார் ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் நொடியில் அது 10 வோல்ட் பக்கத்தில் இறங்கும். வயதான பேட்டரி அதற்கும் கீழே போகும். அந்த நேரத்தில் ஒரு யூனிட் மட்டும் மயங்கி விழுந்து எழுந்தால், மற்றவை ‘அவன் பேசவில்லை’ என்று எழுதி வைத்துவிடும். மறுநாள் ஸ்கேனரில் பார்த்தால் ஆறேழு யூனிட்டுகளில் தொடர்பு இழந்த கோடுகள் வரிசையாக நிற்கும். பார்ப்பவருக்கு வயரிங்கே எரிந்துவிட்ட மாதிரி தோன்றும்.

பல கோடுகளுக்கு நடுவே ‘சப்ளை வோல்டேஜ் குறைவு’ என்று ஒன்று இருந்தால் அதை முதலில் தீர்க்க வேண்டும். மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள். ஸ்கேன் செய்யும்போதும் சார்ஜரை மாட்டியே வைத்திருங்கள். இக்னிஷன் ஆனில், இன்ஜின் ஓடாமல், அரை மணி நேரம் எல்லாத் திரைகளையும் எரியவிட்டுப் பழுது தேடுவது, தேடும்போதே புதுப் பழுதை உண்டாக்கும் வேலை.

அடுத்து, கோடுகளை எழுதி வைக்காமல் அழிப்பது. ‘முதல்ல கிளியர் பண்ணிட்டுப் பாப்போம் சார்’ என்று சொல்பவர் கையிலிருந்து ஸ்கேனரை வாங்கி வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றும். கோடு என்பது வெறும் எண் அல்ல. இப்போதும் பழுது இருக்கிறதா, எப்போதோ வந்து போனதா, உறுதியானதா, சந்தேகத்தில் நிற்கிறதா என்பதற்கெல்லாம் தனித்தனிக் குறி உண்டு. பல கார்களில் எந்தக் கிலோமீட்டரில், எத்தனை வோல்ட்டில் வந்தது என்பதும் பதிவாகியிருக்கும். அழித்தால் எல்லாம் போச்சு. இன்னொரு பொறி: அழித்தவுடன் ‘பழுது இல்லை’ என்று வருவது நிஜமாகவே பழுது இல்லை என்பதற்குச் சாட்சி அல்ல. அந்தச் சோதனை இன்னும் ஓடவே இல்லை என்றாலும் அப்படித்தான் வரும். கார்களில் பழுதறிவதற்கான ஐஎஸ்ஓ 14229 என்ற தரத்தில், ‘அழித்த பிறகு இந்தச் சோதனை முடியவில்லை’ என்று சொல்வதற்கென்றே ஒரு குறி வைத்திருக்கிறார்கள். காரைப் பூட்டி, தூங்கவிட்டு, எழுப்பி, ஒரு முறை படம் ஓட்டிப் பார்த்த பிறகு எடுக்கும் ஸ்கேனுக்குத்தான் மதிப்பு.

வளையம் அறுந்தால் யாரைக் கேட்பது

ஒளி நின்றால் வளையத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. ஸ்கேனரில் எல்லா யூனிட்டும் தொடர்பில் இல்லை என்றே வரும். ஐந்து யூனிட் ஒரே ராத்திரியில் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறுந்தது நூல்.

ஆடி இதற்குத் தனியாக ஒரு மின்வயர் வைத்தது. காரின் பல நெட்வொர்க்குகளை இணைக்கும் கேட்வே யூனிட் அந்த வயரில் ஒரு துடிப்பை அனுப்பும். உடனே எல்லா யூனிட்டும் ஒரே நேரத்தில் தாமாகவே ஒளியைக் காலும். பிறகு ஒவ்வொன்றும் அதே வயரில் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லும்: எனக்கு மின்சாரம் சரியா? எனக்கு முந்தினவனிடமிருந்து ஒளி வந்ததா? எல்லாரும் ஒளி விடுவதால், அறுந்த இடத்துக்கு அடுத்து இருப்பவன் மட்டும்தான் ‘வரவில்லை’ என்பான். ஆகவே பழுது இருக்கக்கூடிய இடம் மூன்று: முந்தினவன் ஒளி விடும் பகுதி, நடுவிலுள்ள இழை, இவன் ஒளி வாங்கும் பகுதி. இந்த மூன்றில் முதலில் பார்க்க வேண்டியது இழைதான். பார்க்கக் காசு செலவில்லை. நண்பரின் காரில் மாற்றியதோ மூன்றாவது.

பதிலே சொல்லாத யூனிட் என்றால் கதை வேறு. அங்கே ஃபியூஸ், எர்த், சப்ளை என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பிஎம்டபிள்யூவில் தனி வயர் கிடையாது. பேட்டரி இணைப்பைப் பிரித்து மறுபடி மாட்டும்போது எல்லா யூனிட்டும் ஒளி விடும், ஒளி கிடைக்காதது அதைத் தன்னிடம் பதிந்துகொள்ளும். வழி வேறு, அர்த்தம் ஒன்றுதான்.

‘சில நாள் வருது, சில நாள் வரல’ என்ற ரகத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. எல்லா யூனிட்டையும் ஒளியை 3 டெசிபல் குறைத்து, அதாவது பாதி பலத்தில் விடச் சொல்வது. ஆரோக்கியமான இழை அதிலும் தாக்குப்பிடிக்கும். விளிம்பில் இருப்பது மாட்டிக்கொள்ளும். கனெக்டரைக் கழற்றி, சிவப்பாகத் தெரிகிறதே, இழை நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்பவர்கள் அதிகம். கண்ணுக்கு மங்கல் ஒளியும் ஒளிதான். யூனிட்டுக்கு அது போதாது.

இழையைக் கையாளும் விதத்தில் நடக்கும் அநியாயங்களைச் சொல்லி மாளாது. 25 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஆரத்தில் அதை வளைக்கக்கூடாது. ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயைச் சுற்றி வளைப்பதுதான் எல்லை, அதற்கு மேல் மடக்கினால் ஒளி பக்கவாட்டில் கசியும். ஜிப் டையை இறுக்கி இழுப்பது, வயர் மாதிரி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது, கத்தரியால் வெட்டி ஒட்டுவது, முனையைக் கிரீஸ் விரலால் தொடுவது எல்லாமே ஒளியைத் தின்னும். வெட்டுமுனை கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால்தான் ஒளி உள்ளே போகும், அதற்கென்றே தனி வெட்டுக் கருவி இருக்கிறது. சந்தேகப்படும் யூனிட்டை வெறுமனே கழற்றிவிட்டுக் கார் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதும் பயன் தராது. கழற்றிய நொடியில் வளையத்தை நீங்களே அறுத்துவிட்டீர்கள். அந்த இடத்தில் ஒளியை அப்படியே திருப்பிவிடும் சிறிய லூப் கனெக்டரைச் செருகிய பிறகே சோதிக்க வேண்டும். அப்போதும் வருகைப் பட்டியலில் ஒருவர் குறைகிறார் என்ற கோடு வரும். அது எதிர்பார்த்ததுதான், அதைப் பார்த்துப் பதறக்கூடாது.

படம் இல்லை, ஆனால் ஒலி வருகிறது என்றால் வளையத்தைத் தொடவே வேண்டாம். அந்தக் கால மோஸ்ட் வளையத்தின் வேகம் முழு வீடியோவுக்குப் போதாது. பல கார்களில் படம் தனி வீடியோ வயரில்தான் போனது.

பழைய சாமான் கடையில் வாங்கிய யூனிட்டை மாட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பது இன்னொன்று. வருகைப் பட்டியலில் அதன் பெயர் சேர வேண்டும், கோடிங், அதாவது அந்தக் காருக்கேற்ற அமைப்பு, செய்ய வேண்டும். ஆடி, ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்கள் பலவற்றில் யூனிட் பிறந்த காரோடு பூட்டப்பட்டிருக்கும். தயாரிப்பாளரின் சர்வரோடு இணைந்து விடுவித்தால் ஒழிய அது முழுதாக வேலை செய்யாது.

பழுதே இல்லாத பழுதுகள்

பின்சீட் திரையை முன்னாலிருந்து பூட்டும் வசதி பல கார்களில் உண்டு. யாராவது கை பட்டுப் போட்டிருப்பார்கள். பழைய இன்ஃப்ராரெட் ஹெட்போனில் ஏ, பி என்று இரண்டு சேனல். இடது திரையைப் பார்த்துக்கொண்டு வலது திரையின் சேனலில் வைத்திருந்தால் ஒலி இருக்காது, அல்லது தம்பியின் படத்து ஒலி வரும். வெளிநாட்டில் வாங்கிய டிவிடி ஓடாவிட்டால் மண்டலக் குறியீட்டைப் பாருங்கள். இந்தியா 5-ஆம் மண்டலம், அமெரிக்கா 1. மண்டலத்தை மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் டிவிடி டிரைவ்களிலும் பொதுவாக ஐந்து முறைதான். விளையாட்டாக மாற்றிக்கொண்டே இருந்தால் கடைசியாக வைத்ததில் அப்படியே நின்றுவிடும். எச்டிஎம்ஐ வழியே போனை இணைத்து, மெனு தெரிகிறது, படம் மட்டும் கறுப்பு என்றால், அது பெரும்பாலும் படத்தை நகலெடுக்க விடாத பதிப்புரிமைப் பூட்டு, போனும் திரையும் ஒத்துக்கொள்ளாததால் திறக்காததுதான்.

சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் திரை மங்கலாக வந்தாலோ கொஞ்ச நேரம் வராமலே போனாலோ, அதுவும் தற்காப்பாக இருக்கலாம். உள்ளே வெப்பத்தை அளக்கும் சென்சார் பின்னொளியைக் குறைத்துவிடுகிறது. ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பேட்டரி இறங்கும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் பலத்தைக் காப்பாற்ற கார் முதலில் கைகழுவும் வரிசையிலும் பின்சீட் திரைக்கு முன்னிடம் உண்டு.

இப்போதைய கார்களில் ஒளி வளையம் போய் ஈதர்நெட்டும் அதிவேக வீடியோ வயர்களும் வந்துவிட்டன. 2022-இல் அறிமுகமான 7 சீரீஸில் கூரையிலிருந்து இறங்கும் பின்சீட் திரை 31.3 அங்குலம். அங்கேயும் திரைப் பக்கத்துச் சிப், வரும் சிக்னலோடு பூட்டிக்கொண்டதா என்று பார்க்கும். பூட்டிக்கொள்ளவில்லை என்றால் குறை எழுதும். அந்தக் குறையும் திரையின் பெயரில்தான் வரும், கோளாறு பாதி வழியில் தளர்ந்த கனெக்டரில் இருந்தாலும்.

வெளியில் வாங்கி மாட்டிய திரைகள்

ஹெட்ரெஸ்ட் ஆண்ட்ராய்டு திரைகளை மாட்டும்போது நடக்கும் தவறு ஒன்றே ஒன்றுதான் பெரியது: சப்ளையை எங்கிருந்து எடுப்பது. கைக்கு எட்டிய சீட் வயரைக் கிள்ளி முறுக்கிவிடுவார்கள். அது எப்போதும் கரண்ட் உள்ள வயராக இருந்தால் திரை தூங்கவே தூங்காது. அரை ஆம்பியர் ஒழுகினாலே ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. 70 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாளில் பாதிக்கு வந்துவிடும். தனி ஃபியூஸ் போட்டு, சாவி எடுத்ததும் நிற்கும் ஏசிசி இணைப்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஒழுக்கு இருக்கிறதா என்று அளப்பதிலும் அவசரம் கூடாது. பூட்டிய உடனே மீட்டர் வைத்தால் பல ஆம்பியர் காட்டும், பயந்துவிடுவீர்கள். யூனிட்டுகள் ஒவ்வொன்றாகத் தூங்க அரை மணி வரை ஆகலாம். அதற்குப் பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் வந்தால் பெரும்பாலான கார்களுக்கு நல்லது. இடையில் ஒரு கதவைத் திறந்தாலும் கணக்கு முதலிலிருந்து. அதனால் கதவைத் திறந்து வைத்து வேலை பார்ப்பவர்கள் அதன் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, மூடியதாகக் காரை நம்ப வைப்பார்கள். வேலை முடிந்து கதவைச் சாத்துவதற்கு முன் அந்தக் கொக்கியைக் கைப்பிடியால் விடுவித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கதவு அதில் மோதும்.