போட்டோஷாப்பிலிருந்து கிம்ப்புக்கு: ஒரு பாஸ்போர்ட் போட்டோவில் தொடங்குங்கள்

போட்டோஷாப்புக்கு மாதாமாதம் சந்தா கட்டி மாளவில்லை, இலவசமாக வேறு எதாவது இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கிம்ப். 1995-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. இன்றும் தன்னார்வலர்கள்தான் அதை வளர்க்கிறார்கள். 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது.

ஆனால் பலர் பத்து நிமிடம் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். வருடக்கணக்காகப் பழகிய கை ஒரு விசையை அழுத்துகிறது, அங்கே வேறு ஏதோ நடக்கிறது. அந்த எரிச்சல்தான் காரணம். அதனால் மெனு மெனுவாகப் படிக்க உட்காராதீர்கள். ஒரே ஒரு வேலையைத் தொடக்கம் முதல் பிரிண்ட் வரை கிம்ப்பில் முடித்துப் பாருங்கள்.

முதலில் பழைய வேலைகளைக் காப்பாற்றுங்கள்

சந்தா முடியும் முன்பே இதைச் செய்ய வேண்டும். போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்புகளைக் கிம்ப் திறக்கும், லேயர்களும் (படத்தின் தனித்தனி அடுக்குகள்) வரும். ஆனால் எழுத்து லேயர்கள் பெரும்பாலும் வெறும் படமாகத்தான் வரும், அப்புறம் எழுத்தைத் திருத்த முடியாது. நிறம், வெளிச்சத்தை மாற்றும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களையும் அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். முக்கியமான ஒவ்வொரு வேலைக்கும் டிஃப் (TIFF) என்ற பட வடிவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். என்ன எழுத்துரு, என்ன வாசகம் என்பதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கிம்ப் டாட் ஆர்க் தளத்திலிருந்து மட்டும் மென்பொருளை இறக்குங்கள். வேறு தளங்களில் கிடைப்பதைத் தொட வேண்டாம்.

சேமிப்பதில் இருக்கும் வேறுபாடு

கண்ட்ரோல் எஸ் அழுத்தினால் கிம்ப் தன்னுடைய எக்ஸ்சிஎஃப் வடிவில் மட்டும்தான் சேமிக்கும். ஜேபெக், பிஎன்ஜி வேண்டுமென்றால் கண்ட்ரோல் ஷிஃப்ட் இ, அதாவது எக்ஸ்போர்ட். முதல் வாரத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு எக்ஸ்சிஎஃப் கோப்பையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். அவர் போனில் திறக்கவே இல்லை, அவசரமாக விண்ணப்பிக்க வேண்டியவர், பாவம். அன்றிலிருந்து எஸ் எனக்கு, இ வாடிக்கையாளருக்கு என்று மனதில் பதிய வைத்துக்கொண்டேன்.

இப்போது வேலை: வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் போட்டோ

படத்தைத் திறங்கள். லேயர் பெட்டியில் புதிய லேயர் ஒன்று சேர்த்து, வெள்ளை நிரப்பி, படத்துக்குக் கீழே இழுத்து விடுங்கள். பட லேயரின் மேல் வலது கிளிக் செய்து 'ஆட் லேயர் மாஸ்க்' எடுத்து, வெள்ளை என்பதைத் தேர்வு செய்யுங்கள். இனி அந்த மாஸ்க்கில் கறுப்புத் தீட்டினால் பழைய பின்னணி மறையும்.

பிரஷ்ஷுக்கு இங்கே B அல்ல; கிம்ப்பில் அதன் பெயர் பெயின்ட்பிரஷ் (Paintbrush) என்பதால் P விசையைத்தான் அழுத்த வேண்டும். போட்டோஷாப்பில் பழகிய B-யை அழுத்தினால் கோடு வரையும் பாத் கருவி வந்து நிற்கும். நிறங்களை மாற்றும் எக்ஸ், கறுப்பு வெள்ளைக்குத் திரும்பும் டி, பிரஷ்ஷைச் சிறிதாக்கும் பெரிதாக்கும் சதுர அடைப்பு விசைகள் எல்லாம் பழையபடியேதான். தோள், சட்டை ஓரத்துக்குக் கெட்டியான பிரஷ் எடுங்கள். முடி ஓரத்தில் ஹார்ட்னஸ் 050 பிரஷ்ஷால் மெதுவாகத் தடவுங்கள். கூடுதலாக அழிந்துவிட்டால் எக்ஸ் அழுத்தி வெள்ளையால் தீட்டுங்கள், போன முடி திரும்பி வரும்.

ஒரு எச்சரிக்கை. லேயர் பெட்டியில் படமும் மாஸ்க்கும் அருகருகே இருக்கும். தெரியாமல் படத்தின் மேல் கிளிக் செய்துவிட்டால் கறுப்பு நேராக முகத்தில் விழும். அப்படி விழுந்தால் கண்ட்ரோல் இசட், பிறகு மாஸ்க்கை ஒருமுறை கிளிக் செய்துவிட்டுத் தொடருங்கள்.

சரி, கண்ட்ரோல் எஸ். எக்ஸ்சிஎஃப் பத்திரம். இப்போது கண்ட்ரோல் டி அழுத்துங்கள். போட்டோஷாப்பில் அது தேர்வை நீக்கும். இங்கே முழுப் படத்துக்கும் ஒரு நகல் எடுக்கும். (தேர்வை நீக்க கண்ட்ரோல் ஷிஃப்ட் ஏ.) மீதி வேலை எல்லாம் அந்த நகலில்.

ஷிஃப்ட் சி அழுத்தி கிராப் கருவியை எடுத்து, விகிதத்தை 35:45 என்று பூட்டி, 'டெலீட் கிராப்டு பிக்சல்ஸ்' என்பதையும் டிக் செய்துவிட்டு வெட்டுங்கள். இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ் திறந்து ரெசல்யூஷன் 300 கொடுத்து, 413 பிக்சல் அகலம், 531 பிக்சல் உயரம் வையுங்கள். அதுதான் 35 × 45 மில்லிமீட்டர்.

அடுத்து கேன்வாஸ் சைஸில் 430 × 550 கொடுத்துப் படத்தை நடுவில் நிறுத்துங்கள். கருவிப் பெட்டியில் இருக்கும் பின்புல நிறத்தை வெளிர் சாம்பலாக மாற்றிவிட்டு, எல்லா லேயர்களையும் ஒன்றாக்கும் ஃபிளாட்டன் இமேஜ் செய்யுங்கள். வெள்ளைப் பின்னணிப் படத்துக்கு வெள்ளை ஓரமே இருந்தால் கத்தரிக்கோல் எங்கே போக வேண்டும் என்று தெரியாது. சாம்பல் கோடு அதற்குத்தான்.

கடைசியாக ஃபில்டர்ஸ், மேப், டைல். அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலிப் படத்தைக் கழற்றிவிட்டு அகலம் 1720, உயரம் 1100 கொடுத்தால் எட்டுப் படம் வரிசையாக நிற்கும். நான்குக்கு ஆறு அங்குலத் தாளில் தாராளமாக அடங்கும். எக்ஸ்போர்ட் செய்து பிரிண்டுக்கு அனுப்புங்கள். பிரிண்ட் எடுக்கும்போது 'தாளுக்கு ஏற்றபடி பெரிதாக்கு' என்பதை மட்டும் அணைத்துவிடுங்கள், அளவு மாறிவிடும்.

விசைகள் எவ்வளவு முயன்றும் பழகவில்லை என்றால் எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் திறந்து பழைய விசைகளையே வைத்துக்கொள்ளலாம். நான் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாற்றச் சொல்வேன்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: யூனிகோட் தமிழ் கிம்ப்பில் எந்த அமைப்பையும் தொடாமலேயே சரியாக வருகிறது, கொம்பும் காலும் இடம் மாறுவதில்லை. அச்சகத்துக்கு சிஎம்ஒய்கே-யில் (அச்சு மையின் நான்கு நிற முறை) வேலை செய்துதான் கொடுக்க வேண்டும் என்றால் மட்டும் கிம்ப் போதாது. அதற்கு கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளை எடுங்கள், அதுவும் இலவசம்தான்.