புது டைனிங் டேபிள் வந்தாச்சு, அறையில் எங்கிருந்து கை வைக்கிறது?

புது டேபிள் வந்து இறங்கிய அன்று எல்லோரும் அதை மட்டும்தான் பார்ப்பார்கள். மறுநாள் காலையில் பின்னால் இருக்கும் சுவரின் கறை தெரியும், அப்புறம் ட்யூப்லைட் பிடிக்காமல் போகும், ஜன்னல் ஸ்க்ரீன் வெளுத்தது போல் இருக்கும், கடைசியில் ஃப்ரிட்ஜ் வரைக்கும் பேச்சு வந்து நிற்கும். இது நம் வீட்டு வியாதி மட்டும் இல்லை. புது அங்கி ஒன்று வந்ததால் தன் அறையே மாறிப்போன கதையை பிரெஞ்சு எழுத்தாளர் திதெரோ 1769-லேயே புலம்பி எழுதினார். அதை வைத்து கிராண்ட் மெக்ராக்கன் என்ற மானிடவியலாளர் 1988-ல் இதற்கு 'திதெரோ விளைவு' என்று பெயரும் வைத்துவிட்டார்.

மாற்ற ஆசைப்படுவதில் தப்பில்லை. வரிசை மாறினால்தான் ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டி வரும். ஹாலோடு சேர்ந்த டைனிங், ஆறு பேர் உட்காரும் தேக்கு நிற டேபிள், ஒரு பக்கம் ஃப்ரிட்ஜ், ஒரு பக்கம் வாஷ்பேசின், இப்படி ஒரு சாதாரண அபார்ட்மெண்டை வைத்துச் சொல்கிறேன்.

முதல் வேலை: இன்ச் டேப்

ஆளுக்கு 2 அடி அகலம் இருந்தால் முழங்கை இடிக்காமல் சாப்பிடலாம். டேபிள் விளிம்பிலிருந்து சுவருக்கு 3 அடி விட்டால், ஒருவர் உட்கார்ந்திருக்கும்போதே பின்னால் இன்னொருவர் சாம்பார் பாத்திரத்தோடு போய்வர முடியும். யாரும் நடக்காத பக்கம் என்றால் இரண்டரை அடி போதும். நாற்காலியை இழுத்துப் போட்டு, அதே நேரத்தில் ஃப்ரிட்ஜ் கதவையும் முழுதாகத் திறந்து பாருங்கள். இரண்டும் மோதினால் அந்தப் பக்கத்துக்கு நாற்காலி வேண்டாம், டேபிளுக்கு அடியில் தள்ளிவிடுகிற மாதிரி ஒரு பெஞ்சு போடலாம். நாற்காலி தனியாக வாங்குபவர்கள் உயரத்தைப் பார்த்து வாங்குங்கள்: டேபிள் 30 இன்ச் என்றால் உட்காரும் பலகை 18 இன்ச் அளவில் இருக்க வேண்டும்.

டேபிள் நிற்கும் இடம் முடிவாகாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாதீர்கள்.

இரண்டாவது: லைட்

பெரும்பாலானவர்கள் பெயிண்டில் ஆரம்பிப்பார்கள். நான் லைட்டில்தான் ஆரம்பிக்கச் சொல்வேன். நம் வீடுகளில் இருக்கும் வெள்ளை எல்இடி ட்யூப் பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு), அதில் ஒரு நீலம் இருக்கும். அந்த வெளிச்சத்தில் தேக்கின் செம்மை செத்துப்போய் சாம்பல் பூசியது போல் ஆகிவிடும், தக்காளி ரசம்கூட வெளிறித் தெரியும். பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று அச்சிட்டிருக்கும் பல்பாகப் பார்த்து வாங்குங்கள், அதோடு சிஆர்ஐ, அதாவது பொருளின் நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு, 90-க்கு மேல் இருந்தால் சாப்பாட்டின் நிறம் நிறமாகவே தெரியும். அந்த ஒரு பல்பை மாற்றிவிட்டு ஒரு வாரம் வேறு எதையும் தொடாமல் இருங்கள். சுவர், ஸ்க்ரீன் மேல் இருந்த பாதிக் குறை அதிலேயே போய்விடும்.

தொங்கும் விளக்கு ஆசை இருந்தால், டேபிளின் மேல்பலகையிலிருந்து 30 முதல் 36 இன்ச் உயரத்தில் விளக்கின் அடி வர வேண்டும். ஆனால் படங்களில் பார்க்கும் அறைகளில் சீலிங் ஃபேன் இருக்காது, நமக்கு அது இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது! விளக்கு றெக்கைக்கு மேலே இருந்தால் நிழல் தட்டின் மேல் படபடவென்று ஓடும், ஃபேனுக்குக் கீழே தொங்கினால் காற்றில் ஊஞ்சலாடும். 48 இன்ச் ஃபேனின் றெக்கை நடுவிலிருந்து 2 அடி வரை சுற்றும், அதற்கு நன்றாக வெளியே தள்ளித்தான் விளக்கு வர வேண்டும். அப்படி இடம் இல்லையென்றால் சுவரில் இரண்டு விளக்கு வைப்பதே மேல். புது பாயிண்ட் என்றால் சுவரை வெட்டி பைப் பதிக்க வேண்டும், அதனால்தான் இந்த வேலை பெயிண்டுக்கு முன்னால்.

மூன்றாவது: சுவர்

வாஷ்பேசின் பக்கம் கையால் தடவிப் பாருங்கள். பொருக்கு உதிர்ந்தால், உப்பு பூத்திருந்தால், முதலில் பிளம்பர். ஓதத்தின் மேல் எவ்வளவு விலை கூடிய பெயிண்ட் அடித்தாலும் உரிந்துதான் வரும். சென்னைப் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம், முடிந்தால் பொங்கல் தாண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தில் ஒரு பிரச்சினை உண்டு. நம் ஊரில் பாதி வீடுகளுக்கு சந்தன நிறம், தேக்கும் மஞ்சள் கலந்த பழுப்பு, இரண்டும் சேர்ந்தால் டேபிள் சுவரோடு சுவராகிவிடும். மஞ்சள் கலக்காத வெள்ளை, அல்லது லேசாகப் பச்சை ஓடும் சாம்பல் நிறம் எடுத்தால் மரம் தனியாக எடுப்பாக நிற்கும். கடை அட்டையில் இருக்கும் சின்னக் கட்டத்தை நம்பாமல் சாம்பிள் பெயிண்டை ஒரு சார்ட் பேப்பரில் அடித்து, டேபிளுக்குப் பின்னால் ஒட்டி, காலை வெயிலிலும் இரவில் புது பல்பிலும் பாருங்கள். நான்கு சுவரும் அடிக்க வேண்டியதில்லை, டேபிளுக்குப் பின்னால் உள்ள ஒன்று போதும். 10 அடிக்கு 9 அடி என்றால் 90 சதுர அடி, இரண்டு கோட்டுக்கு 2 லிட்டர் தாராளம். கழுவக்கூடிய எமல்ஷனாகக் கேளுங்கள், பிள்ளைகள் கையைத் துடைப்பது அங்கேதான்.

துணி கடைசியில்

சுவர் காய்ந்த பிறகுதான் ஸ்க்ரீன் எடுக்கவே கடைக்குப் போக வேண்டும். டேபிளுக்கு விரிப்பு, மேட் எல்லாம் கரூரில் நெய்த பருத்தியாகக் கிடைக்கும், வெளிநாட்டுக்கே அங்கிருந்துதான் போகிறது. மஞ்சள் கறை பட்டால் சோப்பு போட்டு அலசி நல்ல வெயிலில் போடுங்கள், மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக மங்கும். டேபிளுக்கு அடியில் கார்ப்பெட் மட்டும் வேண்டாம், பருக்கையும் ரசமும் அதில் இறங்கினால் யார் எடுப்பது?

டேபிள் மேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட் போடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அடியில் ஈரம் தங்கி பாலிஷ் வெளுக்கும், அதற்காகவா இவ்வளவு செலவு? அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேராக வைத்தாலும் வெள்ளை வட்டம் விழும். பாத்திரக்கடையில் நான்கைந்து பிரிமணை வாங்கி டேபிள் நடுவிலேயே போட்டு வையுங்கள், தேடுகிற இடத்தில் இருந்தால் ஒருவரும் எடுத்து வைக்க மாட்டார்கள்.