பாட் தேடும் ஸ்கிரிப்டில் மனிதர்கள் சிக்கிக்கொள்வது எப்படி?

ஒரு சமூக ஊடகக் கணக்கை ‘இது பாட்’ (மனிதரின்றி நிரலே நடத்தும் கணக்கு) என்று பொதுவில் சொல்லிவிட்டால், அதை நடத்துபவர் தான் மனிதர்தான் என்று நிரூபிப்பது பெரும்பாடு. அதனால் டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) ஸ்கிரிப்ட் எனும் சிறு நிரலை ஓட்டித் தானியங்கிக் கணக்குகளைத் தேடுபவர்களுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. கணிக்கும் கருவியைத்தான் எல்லோரும் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் பல தவறுகள் அதற்கு முன்பே, தரவைக் கையாளும்போதே நடந்துவிடுகின்றன.

ஐடி எண்ணை, அதாவது ஒவ்வொரு கணக்குக்கும் தளம் தரும் அடையாள எண்ணை, எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் பழைய கணக்குகளின் ஐடி சின்ன எண். புதிய கணக்குகளுக்கு 18, 19 இலக்கம். பட்டியலை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாக்கி எக்ஸலில் திறந்து சேமித்தால் முதல் 15 இலக்கம் மட்டும் தங்கும், மீதி பூஜ்யமாகிவிடும். ஜேசன் வடிவத் தரவுக் கோப்பைப் பிரிக்கும் ஜேக்யூ என்ற கருவியின் 1.7க்கு முந்தைய பதிப்புகளும் நீண்ட எண்களின் கடைசி இலக்கங்களை மாற்றிவிடும். ஒரு மாதம் கழித்து அதே பட்டியலைத் திரும்பச் சரிபார்க்கும்போது ‘கணக்கு இல்லை’ என்று பதில் வரும். முடக்கிவிட்டார்கள் போல, அப்படியானால் பாட்தான் என்று முடிவு கட்டிவிடுவோம். உண்மையில் அந்த எண்ணில் யாருமே இருந்ததில்லை. இதில் மாட்டுவது புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும்தான் என்பதால், ‘புதிய கணக்குகள்தான் அதிகம் காணாமல் போகின்றன’ என்று ஒரு போலிக் கண்டுபிடிப்பும் கூடவே கிடைக்கும். ஐடியை எண்ணாக நினைக்காமல், முதலிலிருந்தே எழுத்துச்சரமாக (வெறும் உரையாக) வைத்திருங்கள்.

அடுத்தது நேரம். ஏபிஐ (தளத்திலிருந்து நிரல்கள் தரவைப் பெறும் வழி) தருவது யுடிசி எனப்படும் உலகப் பொது நேரம். அதில் அதிகாலை 2 மணி என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் காலை 7.30. காபி குடித்துக்கொண்டே போனைப் பார்ப்பவரைத் ‘தூங்காத இயந்திரம்’ என்று எழுதிவிடக் கூடாது. மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அங்கே கணக்கு தொடங்கிய நேரம், தனியுரிமைக்காக, நள்ளிரவு 00:00 என்றே காட்டப்படுகிறது. நூறு கணக்குகள் ஒரே நொடியில் பிறந்தவை போலத் தெரிந்தாலும் அதில் சதி எதுவும் இல்லை.

தமிழ்ப் பதிவுகளில் நகலைத் தேடும்போது தவறு எதிர்ப்பக்கம் போகும். ‘கொ’ என்ற எழுத்தை, எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடில் இரண்டு விதமாக அமைக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றாமல் ஒப்பிட்டால் அப்பட்டமான நகல்கூடத் தப்பிவிடும். நகல் வரிகளை நீக்கும் யூனிக் கட்டளை அடுத்தடுத்த வரிகளை மட்டுமே ஒப்பிடும் என்பதால் முதலில் சார்ட் செய்வதும் (வரிகளை வரிசைப்படுத்துவதும்) அவசியம்.

சரி, நகல்கள் கிடைத்துவிட்டன. அவையெல்லாம் பாட் பதிவுகளா? நடிகரின் பிறந்தநாளில் ரசிகர்கள் ஒரே ஹேஷ்டேக்கை நாள் முழுக்கப் போடுகிறார்கள். கட்சிகளின் தகவல் தொழில்நுட்ப அணியினர் முன்பே எழுதிப் பகிர்ந்த வாசகத்தை அப்படியே ஒட்டுகிறார்கள். விரல் வலிக்க உட்கார்ந்து இதைச் செய்வது மனிதர்கள்தான். சொல்லிவைத்துச் செய்வது வேறு, தானியங்கி வேறு. அறிக்கையில் இரண்டையும் பிரித்தே எழுதுங்கள்.

இனி, ஒரு கணக்கு எந்த அளவு பாட் போல இருக்கிறது என்று கருவிகள் தரும் மதிப்பெண். இந்தியானா பல்கலைக்கழகத்தின் பாட்டோமீட்டர் இத்துறையில் பரவலாகத் தெரிந்த கருவி. 2023-இல் எக்ஸின் இலவச ஏபிஐ அணுகல் முடிவுக்கு வந்த பிறகு அது பழைய தரவை வைத்துக் கணித்த மதிப்பெண்களையே தருகிறது. அதன் முந்தைய பதிப்புகளைப் பயன்படுத்திய ஆய்வைப் படித்தால், தமிழ்க் கணக்குகளுக்கு எந்த மதிப்பெண்ணை எடுத்தார்கள் என்று பாருங்கள். ஆங்கிலத்துக்கு ஒன்று, மொழி சாராதது ஒன்று என இரண்டு தருவார்கள். தமிழுக்கு முதலாவது பொருந்தாது. ட்விட்டரை வாங்கும் ஒப்பந்தம் தொடர்பான 2022 வழக்கில் எலான் மஸ்க் தரப்பு இதே கருவியை ஆதாரமாகக் காட்டியபோது, அது மஸ்க்கின் கணக்கையே பாட் போல மதிப்பிட்டிருந்ததை ட்விட்டர் தரப்பு சுட்டிக்காட்டியது.

கருவி நன்றாக மதிப்பிட்டாலும் எண்ணிக்கை இடிக்கும். 10,000 கணக்குகளில் 500 பாட்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவி இரு பக்கமும் 95 சதவீதம் சரியாகச் சொல்கிறது. 475 பாட்கள் பிடிபடும். மீதி 9,500 மனிதர்களில் 5 சதவீதம், அதாவது இன்னொரு 475 பேர், அதே பட்டியலில் வந்துவிடுவார்கள். பட்டியலில் பாதிப் பேர் நிரபராதிகள்! பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

எனவே ஸ்கிரிப்ட் தந்த பட்டியலிலிருந்து ஐம்பது கணக்குகளைக் குலுக்கி எடுத்து, ஒவ்வொன்றின் பதிவுகளையும் பதில்களையும் உட்கார்ந்து படியுங்கள். வானிலை, நிலநடுக்க எச்சரிக்கை தருபவையும், மாஸ்டடானில் தாங்களே ‘பாட்’ என்று அறிவித்துக்கொண்டவையும் இருந்தால் தனியே எடுத்துவையுங்கள். அந்த ஐம்பதில் எத்தனை மனிதர்கள் என்ற எண்ணை அறிக்கையின் முதல் பத்தியிலேயே போடுங்கள். கணக்குப் பெயர்களை வெளியிட வேண்டாம்.