பெயின்ட் அடிக்கும் முன்பே கருத்துக் கேளுங்கள்

திரையில் பார்த்த விண்வெளிக் கவசத்தை அச்சு அசலாகச் செய்ய நினைப்பவர்கள், பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் நாலு பேரிடம் காட்டுகிறார்கள். "தோள்பட்டை பெரிசா இருக்கே" என்று அப்போது தெரிந்து என்ன பயன்?

முதலில் அட்டையில் வெட்டி, உள்ளே போடும் உடையோடு மாட்டிப் பாருங்கள். போட்டோவை மார்பு உயரத்தில், 3 மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுக்க வேண்டும். கிட்டத்தில் எடுத்தால் நடுப்பகுதி உப்பித் தெரியும். பார்ப்பவர்கள் சரியான அளவையும் தப்பு என்பார்கள். முன், பின், பக்கவாட்டு என மூன்றையும், அதே கோணத்தில் உள்ள திரைப்படக் காட்சியின் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அளவு சரியானதும் ஈ.வி.ஏ. ஃபோமுக்கு (வளையக்கூடிய, லேசான பஞ்சு போன்ற பிளாஸ்டிக் தகடு) மாறலாம். மார்புக்கு 10 மி.மீ., மேல் வேலைப்பாட்டுக்கு 5 மி.மீ. போதும். ஃபோமின் தடிமன் உள்பக்கம் இடத்தைத் தின்னும் என்பதால், சுற்றளவில் சில செ.மீ. கூட்டி வெட்டுங்கள். கான்டாக்ட் சிமென்ட் என்ற பசையை இரு விளிம்பிலும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்துங்கள். ஈரத்தோடு ஒட்டினால் மூட்டு பிளந்துகொள்ளும். (ஜன்னல் திறந்திருக்கட்டும்.)

கடைசியில், சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை நகர்த்திக்கொண்டே காட்டினால் ஃபோமின் மேல் லேசான பளபளப்பு வரும். துளைகள் மூடிக்கொண்டதற்கு அதுதான் அடையாளம்.