பழைய பஸ்ஸின் முன் கமான் பட்டை பிராக்கெட்டில் துரு: பிரித்துச் சரிசெய்யும் முறை

கடலோரத் தடத்தில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய பஸ்ஸுக்கு அடியில் படுத்து, முன் கமான் பட்டையை (லீஃப் ஸ்பிரிங், அதாவது அச்சின் மேல் பாரம் தாங்கும் உருக்குத் தகடு அடுக்கு) தாங்கும் பிராக்கெட்டைப் பாருங்கள். பிராக்கெட் சேஸிஸ் சட்டத்தோடு ஒட்டும் இடத்தில் பெயின்ட் நெடுகக் கீறி, அந்தக் கீறலிலிருந்து பழுப்பு நீர் வழிந்த தடம் இருந்தால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் துரு புகுந்துவிட்டது என்று அர்த்தம். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். பருக்க இடமில்லாததால் தகடுகளை விரித்து ரிவெட்டின் கழுத்தை இழுக்கும். இதற்கு மேலே ஒரு பட்டித்தகடு வைத்து வெல்டிங் அடித்து, கறுப்பு பெயின்ட் பூசி எஃப்.சி.க்கு அனுப்புவது பெரிய தவறு. உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும், பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் படாது. மூட்டைப் பிரிக்காமல் இந்த வேலை முடியாது.

கீழே உள்ளது அசோக் லேலண்ட், டாடா போன்ற ஏணிச் சேஸிஸில் பாடி கட்டிய, முன்னால் கமான் பட்டை உள்ள பஸ்களுக்கு. பட்டைக்குப் பதில் காற்றுப் பை தாங்கும் ஏர் பெல்லோஸ் வண்டிக்குப் பொருந்தாது.

பெரும்பாலான வண்டிகளில் பட்டையின் முன் கண் பின் போட்டு நிலையாக நிற்கும், பின் கண் ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்கும். பிரேக் பிடிக்கும்போது அச்சைப் பின்னுக்கு இழுக்கும் விசை முன் பிராக்கெட் வழியாகத்தான் சட்டத்துக்குப் போகிறது. ஆகவே சோதனையை அங்கே தொடங்குங்கள்.

சேறும் கிரீஸும் போகக் கழுவி, கம்பி பிரஷ் போட்டபின் ஒவ்வொரு ரிவெட்டையும் தட்டிப் பாருங்கள். தலையின் ஒரு ஓரத்தில் விரல் நுனியை, பாதி ரிவெட்டிலும் பாதி தகட்டிலும் படும்படி வைத்து, எதிர் ஓரத்தைச் சின்னச் சுத்தியால் தட்ட வேண்டும். இறுக்கமான ரிவெட் கணீரென்று கேட்கும், விரலுக்கு ஒன்றும் தெரியாது. தளர்ந்தது மொத்தையாகக் கேட்கும், விரலுக்கடியில் இம்மியளவு நகரும். பிறகு விரிசல் சோதனை: சிவப்புச் சாய ஸ்ப்ரே அடித்து 10 நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும். ரிவெட் துளை ஓரமும் சட்டம் மடங்கும் மூலையும் முக்கியம். துளையிலிருந்து கிளம்பிய விரிசல் ஃபிளேஞ்சை (சட்டத்தின் மேல், கீழ் மடிப்பை) தொட்டிருந்தால் சாதாரணப் பட்டறையில் கை வைக்க வேண்டாம். அது சேஸிஸ் வேலை தெரிந்தவர்களுக்கு உரியது.

பஸ்ஸைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஏர் டேங்கைக் காலி செய்யுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி, பட்டையின் பின் பிராக்கெட்டுக்குப் பின்னால் சட்டத்துக்கு அடியில் 10 டன் தாங்கும் ஸ்டாண்டு இரண்டு வையுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் யாரும் போகக்கூடாது. அச்சை வேறொரு ஜாக்கியில் ஏந்தி, பட்டையில் பாரமில்லாதபடி இறக்குங்கள். பட்டைப் பின்னின் மையத்திலிருந்து சட்டத்தில் நிலையாக உள்ள ஒரு புள்ளிக்குப் பஞ்ச் குறி போட்டு, தூரத்தை இருபுறமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பிராக்கெட்டை மட்டும் கழற்றுங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிரித்துவிட்டால் அச்சு நேராக உட்கார்ந்ததா என்று ஒப்பிட ஆதாரமே இருக்காது.

ரிவெட்டைக் கேஸ் கட்டரால் வெட்டாதீர்கள். சட்டத்தின் உருக்கு அந்தச் சூட்டில் குணம் மாறும், துளையும் கோணலாகும். தலையைக் கிரைண்டரில் தேய்த்து, நட்டநடுவில் பஞ்ச் அடித்து, 6 மி.மீ. டிரில்லில் தொடங்கி, ரிவெட்டை விட 1 மி.மீ. குறைவான டிரில் வரை போங்கள். மிச்சத்தைப் பஞ்சால் அடித்தால் விழுந்துவிடும். பிராக்கெட் கையோடு வந்ததும் உள்ளே ஏடு ஏடாகப் பெயரும் கறுப்புத் துருவைப் பார்ப்பீர்கள். உளியால் எடுத்து, முடிந்தால் மணல் பிளாஸ்டிங் செய்து, வெள்ளை இரும்பு தெரியும்வரை கொண்டுவர வேண்டும். துரு மாற்றித் திரவம் குழிக்குள் மிஞ்சிய மெல்லிய படலத்துக்கு மட்டும்தான் உதவும்.

இப்போது சட்டத்தின் தடிமனை அளந்து பாருங்கள். அதே சட்டத்தில் துருப்பிடிக்காத இடத்தோடு ஒப்பிட்டு, பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் வலுத்தகடு தேவை. அந்தத் தகடு சட்டத்தை விடத் தடிமனாக இருக்கக்கூடாது. தடிமன் கூடினால் தகடு முடியும் இடத்தில் சட்டம் வளைந்து வளைந்து விரிசல் விடும். பிராக்கெட்டைத் தாண்டி இருபுறமும் சுமார் 300 மி.மீ. நீளட்டும், முனைகளைச் சரிவாக வெட்டுங்கள், போல்ட் போட்டே பொருத்துங்கள். ஃபிளேஞ்சில் துளையும் வேண்டாம், ஓரத்தில் வெல்டிங்கும் வேண்டாம். பிராக்கெட்டின் ஒட்டும் முகம் வளைந்திருந்தால் தட்டி நிமிர்த்தாமல் புதிது வாங்குங்கள்.

பக்கத்தில் எங்காவது வெல்டிங் தவிர்க்க முடியாவிட்டால் நைலான் ஏர் குழாய்களையும் வயரையும் ஒதுக்கி, எர்த் கிளாம்பை வேலை இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் ஆர்க் அடிக்கவே கூடாது. உயிரைக் கொல்லும் ஃபாஸ்ஜீன் வாயு கிளம்பும்.

ஒட்டும் இரு முகங்களுக்கும் ஜிங்க் எபாக்ஸி பிரைமர் ஒரே ஒரு மெல்லிய கோட். கனமாகப் பூசினால் பெயின்ட் நசுங்கி அமர்ந்து போல்ட்டின் இறுக்கம் போய்விடும். முழுக்கக் காய்ந்தபின் மாட்டுங்கள். ஓவலான துளையை ரீமர் போட்டு அடுத்த அளவுக்குக் கொண்டுவந்து, மரையில்லாத தண்டு இரண்டு தகட்டையும் கடக்கும் நீளத்தில் போல்ட் போடுங்கள். கெட்டி வாஷரும் லாக் நட்டும் அவசியம். கம்பெனி கையேட்டில் இறுக்க அளவு இருந்தால் அதுவே சரி. இல்லாவிட்டால் 8.8 வலிமைத் தர போல்ட்டில், லேசாக எண்ணெய் தடவிய மரைக்கு, எம்14க்கு சுமார் 130, எம்16க்கு சுமார் 200 நியூட்டன் மீட்டர். இறுக்கியபின் மேல் ஓரத்திலும் பக்கங்களிலும் பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் இழுங்கள். கீழ் ஓரத்தைத் திறந்தே விடுங்கள், புகுந்த நீர் வெளியேற வழி வேண்டும். பிறகு வழக்கமான எபாக்ஸி, சேஸிஸ் பிளாக். தார் பூச்சு வேண்டாம், அடுத்த துருவை அது மறைத்துவிடும்.

பட்டையை அச்சோடு கட்டும் யு-போல்ட் கழற்றியிருந்தால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள். புதியதைக் குறுக்கு மறுக்காக, சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறியபின் கடைசி இறுக்கம் கொடுங்கள். ரப்பர் புஷ் உள்ள பின்னுக்கும் அப்படித்தான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். எழுதிவைத்த அளவோடு ஒப்பிட்டு, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும்.

ஒவ்வொரு நட்டிலிருந்தும் தகடு வரை பெயின்ட் கோடு ஒன்று போட்டு வையுங்கள். 500 கி.மீ. ஓடியதும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், கோடு விலகியிருந்தால் அந்த நட்டு நகர்ந்திருக்கிறது. ஷெட்டில் உப்பு போர் தண்ணீரில் வண்டி கழுவுகிறார்கள் என்றால் பிராக்கெட் பக்கம் மட்டுமாவது நல்ல தண்ணீர் ஒரு வாளி ஊற்றச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒருமுறை அடியில் படுத்து அதே ஓரத்தைப் பாருங்கள். பழுப்புத் தடம் திரும்பியிருந்தால் சீலன்ட் விட்ட இடத்தைத் தேடி, அன்றே சுரண்டிப் புதிதாக இழுங்கள்.